வெள்ளோடு, நஞ்சராயன் குளம்: பறவை பார்க்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பெரியகுளம், திருப்பூருக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளம். கொங்கு நாட்டில் பறவைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட நீர்நிலைகள் இவை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருபவர்கள், கேமராவோடு வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். நுழைவு நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுகிறவை. கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு குளங்களும் எங்கே இருக்கின்றன?

வெள்ளோடு, ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் வழியில் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. பேருந்தில் வருபவர்கள் வெள்ளோட்டில் இறங்கி, சரணாலயத்துக்கு வழி கேட்டுக்கொள்ளலாம். குளத்தின் பரப்பு 77 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 190 ஏக்கர். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வந்த பெயர்.

நஞ்சராயன் குளம், திருப்பூர் – ஊத்துக்குளி சாலைப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கிறது. பரப்பு 125 ஹெக்டேருக்குச் சற்று மேல், அதாவது சுமார் 310 ஏக்கர். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

எந்த மாதம் வந்தால் நிறையப் பறவை பார்க்கலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஐப்பசி மழை ஓய்ந்து குளம் நிரம்பி நிற்கும் காலம் அது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகிய வாத்துகள் வடக்கேயிருந்து வந்து தங்கியிருக்கும். உள்ளான் வகைகள் எனும் சிறு கரைப்பறவைகள் சேற்றோரம் மேயும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகிய நம்மூர்ப் பறவைகளின் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும் மாதங்களும் இதை ஒட்டியே வரும். மார்ச் கடைசியில் வலசை வந்தவை கிளம்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது. குழந்தைகளைக் கூட்டி வருவதாக இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

போன வருடம் மரம் மரமாகக் கூழைக்கடா இருந்தது, இந்த வருடம் ஒன்றிரண்டுதான். பறவைகள் ஊரைவிட்டுப் போய்விட்டனவா?

போகவில்லை. தண்ணீர் மட்டம் மாறியிருக்கும், அவ்வளவுதான். எந்தப் பறவை இருக்கும், எது இருக்காது என்பதைத் தீர்மானிப்பது குளத்தின் ஆழமே.

கூழைக்கடாவும் நீர்க்காகமும் நீந்தி மீன் பிடிப்பவை. அவற்றுக்கு ஆழமும் பரப்பும் வேண்டும். கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவை நடந்து மேய்பவை. தண்ணீர் அவற்றின் முழங்காலுக்கு மேல் போனால் அந்த இடம் பயன்படாது. உள்ளான்களுக்கு வெறும் ஈரச்சேறு போதும். ஆகவே குளம் ததும்பும்போது கூழைக்கடா கூட்டம், பாதியாக வற்றும்போது நாரைக் கூட்டம், அடிச்சேறு தெரியும்போது உள்ளான் கூட்டம் என்று காட்சி மாறிக்கொண்டே போகும்.

கூடு கட்டுவதற்கும் இதே கணக்குத்தான். கருவேல மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் கீரியும் ஏற முடியாது. தண்ணீர் இல்லாத மரத்தை நாரைகள் தவிர்த்துவிடும். வெள்ளோட்டுக் குளத்துக்கு மழைநீரோடு கீழ்பவானி பாசனப் பகுதியின் கசிவுநீரும் சேருகிறது. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள். திறப்பு தள்ளிப்போய் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றினால் அந்த வருடம் கூடுகள் குறையும். வருவதற்கு முன்னால் “குளத்தில் தண்ணீர் எவ்வளவு?” என்று கேளுங்கள். “எத்தனை பறவை?” என்று கேட்பதைவிட அதில் சரியான விவரம் கிடைக்கும்.

எத்தனை மணிக்கு வருவது நல்லது?

வெள்ளெனவே வாருங்கள். வாசல் திறந்ததிலிருந்து 9 மணி வரை நல்ல நேரம். அதற்கு அடுத்தது பொழுதோட 4 மணிக்கு மேல். மதியம் பெரும்பாலானவை நிழலில் ஒடுங்கி நிற்கும்.

மாலையில் வருபவர்கள் வாசல் மூடும் நேரம் வரை இருங்கள். மேயப்போன கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பும். அதே நேரத்தில் பகலெல்லாம் கிளைக்குள் தூங்கிய வக்கா எனும் இராக்கொக்கு, கரகரத்த ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு இரை தேடக் கிளம்பும்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் குளத்தின் கிழக்குக் கரையிலிருந்தும் மாலையில் மேற்குக் கரையிலிருந்தும் பார்த்தால் நிறம் தெரியும். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்து வருவது?

வெளிர்ப்பச்சை, காக்கி, மண் நிறம் நல்லது. வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளும் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். கரையோரப் புல்லில் முள்ளும் உண்டு, பாம்பும் உண்டு. தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில் போதும். வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள். காரணம் தேனீ பற்றிய கேள்வியில் இருக்கிறது.

சாப்பாட்டைத் தூக்குப்போசியில் எடுத்து வாருங்கள். பாலித்தீன் பை, குர்குரே உறை, தண்ணீர் பாக்கெட் ஆகியவை காற்றில் பறந்து குளத்துக்குள் போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக்கும் நைலான் நூலும் நீர்க்கோழியின் காலில் சுற்றினால் அது தானாக அவிழ்க்க முடியாது.

பைனாகுலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது வாங்குவது?

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடினால் வெளிச்சம் கூடும், எடையும் கூடும். 10x42ம் நல்லதுதான், ஆனால் கை ஆட்டத்தையும் பத்து மடங்காகக் காட்டும். சுற்றுலாத் தலங்களில் 20x, 30x என்று அச்சடித்து விற்பவற்றை வாங்காதீர்கள். படம் இருட்டாக இருக்கும், நிலையாக நிற்காது, பத்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

வாங்கியவர்களில் பலர் அதைச் சரியாகப் பொருத்தாமல் “தெளிவாக இல்லை” என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இப்படிச் செய்யுங்கள். முதலில் இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் வரை சரிசெய்யுங்கள். பிறகு ஓர் அசையாத பொருளை, உதாரணமாக ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி செய்யுங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, வலது கண்ணாடிக்கு அருகே உள்ள தனி வளையத்தை மட்டும் திருகுங்கள். எழுத்து தெளிவானதும் அந்த வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காட்சி குறுகிவிடும்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

பறவைகளின் பெயர் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

அலகிலிருந்து. நிறம் ஏமாற்றும். குஞ்சுக்கு ஒரு நிறம், பெரியதுக்கு ஒரு நிறம், இனப்பெருக்கக் காலத்துக்கு வேறொரு நிறம். அலகு அவ்வளவாக ஏமாற்றாது.

கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு என்றால் அரிவாள்மூக்கன். சேற்றுக்குள் குத்தித் துழாவும். நுனி தட்டையாக அகன்றிருந்தால் கரண்டிவாயன். அலகைச் சற்றே திறந்து தண்ணீரில் பக்கவாட்டில் வீசிக்கொண்டே நடக்கும், ஏதாவது பட்டவுடன் மூடும். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஆகவே இடைவெளி இல்லாத நத்தைகுத்தியைப் பார்த்தால் வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். அலகுக்கு அடியில் தோல் பை தொங்கினால் கூழைக்கடா. நேரான ஈட்டி அலகும், உடம்பு தண்ணீருக்குள் மறைந்து கழுத்து மட்டும் வெளியே நெளிவதும் பாம்புத்தாரா. அதே மாதிரி நீந்தி, அலகு நுனி மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்தால் நீர்க்காகம்.

பாம்புத்தாராவும் நீர்க்காகமும் கரையேறியதும் சிறகை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து “அடிபட்டிருக்கிறது” என்று சிலர் ஓடி வந்து சொல்வார்கள். அடிபடவில்லை. அவற்றின் இறகில் தண்ணீர் ஊறும். முங்கி மீன் பிடிக்க அது உதவுகிறது. வெளியே வந்ததும் காயவைக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

பறவை உங்களைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கும் தூரம் எதுவோ, அதுவே சரியான தூரம். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நின்றுவிடுங்கள். கழுத்தை நீட்டி, உடம்பைத் தாழ்த்தி, ஓரடி நகர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அப்படியே மெல்லப் பின்வாங்க வேண்டும். “ஒரு தடவை பறந்தால் என்ன, திரும்பி வந்து உட்காரும்” என்று நினைப்பவர்கள் கூட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மஞ்சள் மூக்கு நாரையின் கூடு மர உச்சியில் திறந்தவெளியில் இருக்கிறது. வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகு காட்டி, இரு சிறகையும் பாதி விரித்து, குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டே இருக்கும். மற்றது அலகில் தண்ணீர் கொண்டு வந்து குஞ்சுகள் மேல் ஊற்றும். அந்தப் பறவையைக் கிளப்பிவிட்டால் நிழல் போய்விடும். இறகு முளைக்காத குஞ்சு அந்த வெயிலைத் தாங்காது. காகமும் கரும்பருந்தும் எப்போது கூடு காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கூழைக்கடா கிளம்பினால் பக்கத்துக் கூட்டில் இருப்பவையும் சேர்ந்து கிளம்பும். ஒரு கைத்தட்டலின் விலை அந்த மரத்திலுள்ள எல்லாக் கூடுகளின் மேலும் விழுகிறது.

தரையிலும் கவனம் வேண்டும். ஆள்காட்டிப் பறவை கூடு கட்டுவதில்லை. சரளைக்கல் கிடக்கும் வெறுந்தரையில் சின்னக் குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்ணிறத்தில் கறும்புள்ளி போட்ட முட்டை, கல்லோடு கல்லாகக் கிடக்கும். பாதையை விட்டு இறங்கி நடப்பவர் காலுக்கடியில் அது நசுங்கியதே தெரியாமல் போய்விடுவார். ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் வந்த வழியே, உங்கள் காலடித் தடத்திலேயே திரும்புங்கள்.

படம் எடுக்க என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது, 300 இருந்தாலும் சமாளிக்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கு. பறப்பதற்கு 1,600இல் ஒரு பங்காவது வேண்டும். கருத்த தண்ணீருக்கு எதிரே வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வரிகள் அழிந்து வெறும் வெள்ளையாகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (சுமார் −0.7) குறைத்து வையுங்கள். வெளிர் வானத்துக்கு எதிரே பருந்து பறந்தால் நேர்மாறாக ஒரு ஸ்டாப் (+1) கூட்டுங்கள். குவியம் (ஃபோகஸ்) எப்போதும் பறவையின் கண்ணில் இருக்கட்டும்.

10 மணிக்குமேல் எடுத்த தூரப் படமெல்லாம் கலங்கலாக இருக்கிறது, லென்ஸ் பழுது என்று பலர் கடைக்குக் கொண்டு போகிறார்கள். அது லென்ஸின் குற்றமில்லை. தண்ணீர்ப்பரப்புக்கும் சூடான கரைக்கும் மேல் வெப்பக்காற்று அசைவதால் வரும் கானல். விலை உயர்ந்த லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது. அந்த நேரத்தில் கிட்டத்தில் இருக்கும் தட்டான், பட்டாம்பூச்சிகளை எடுங்கள்.

பிளாஷ் கூடாது. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டது என்று நினைத்து அது மேய்ச்சலை விட்டு அலைந்துகொண்டிருக்கும்.

பொரி, முறுக்கு போடலாமா?

வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது. மிஞ்சியது காகத்தையும் நாயையும் கூட்டி வரும், அவை பிறகு கூட்டுப்பக்கம் போகும்.

வளர்ப்பு நாய், ட்ரோன், ஸ்பீக்கர், தூண்டில்?

நான்கும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 சரணாலயத்துக்குப் பொருந்தும். முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். ட்ரோன் எடுத்து வருபவர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மேலிருந்து வரும் எதையும் நீர்ப்பறவை பருந்தாகவே எடுத்துக்கொள்ளும்.

பொடுசுகளைக் கூட்டி வரலாமா?

கட்டாயம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். “சத்தம் போடாதே” என்று சொல்வதைவிட வேலை கொடுப்பது பலிக்கும். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நான்கு விதமான அலகை வரையச் சொல்லுங்கள். அல்லது முக்குளிப்பான் ஒன்றைக் காட்டி, அது முங்கியதிலிருந்து எழும் வரை மனதுக்குள் எண்ணச் சொல்லி, எங்கே எழும் என்று முன்கூட்டியே கைகாட்டச் சொல்லுங்கள். பைனாகுலரால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நொடியில் கண் கெட்டுவிடும்.

பள்ளியிலிருந்து வருபவர்கள் 10 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, கூட்டத்துக்குக் கூட்டம் இடைவெளி விட்டு அனுப்புங்கள். அறுபது பேர் ஒன்றாகக் கரையேறினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

மரத்திலிருந்து விழுந்த குஞ்சைப் பார்த்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இடத்தை நினைவில் வைத்து வனப்பணியாளரிடம் சொல்லுங்கள். கொக்கும் நாரையும் பயந்தால் கண்ணைக் குறிவைத்துக் குத்தும், குஞ்சாக இருந்தாலும். செத்துக் கிடக்கும் பறவையையும் கையால் எடுக்கக் கூடாது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்திருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். நோயாகவும் இருக்கலாம், தண்ணீரில் கலந்த நஞ்சாகவும் இருக்கலாம்.

தேனீ, பாம்பு பயம் உண்டா?

பெரிய மரங்களிலும் உயரமான கட்டடங்களின் விளிம்புக்கு அடியிலும் மலைத்தேனீ அடை கட்டும். புகை, வாசனைத் திரவியம், கல்லெறி மூன்றும் அதைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் அடித்து விரட்டாதீர்கள். நசுங்கிய தேனீயின் வாசனைக்கு இன்னும் பல வரும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவடைத்த அறைக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். தண்ணீருக்குள் குதித்தால் மேலே காத்திருக்கும். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ 108ஐ அழையுங்கள்.

பாம்பு பாதையில் கிடந்தால் நின்று வழிவிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பார்த்த பறவைகளைக் கணக்கெடுத்து அனுப்பினால் யாருக்காவது பயன்படுமா?

நிச்சயம் பயன்படும். ஒருவர் ஒரே குளத்தை வருடக்கணக்காக எண்ணி எழுதினால், எந்தப் பறவை குறைகிறது என்று அந்தக் கணக்கிலிருந்தே தெரியவரும். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் பதியலாம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், பார்த்த எல்லா இனங்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். குறைந்தது 15 நிமிடம் இருங்கள். காகம், மைனாவை விட்டுவிடாதீர்கள். பொதுவாகத் தெரியும் பறவை குறைவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவில் கூட்டத்தைப் பத்து பத்தாகத் தாண்டிப் போங்கள். வருடந்தோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற நாட்கள் அவை.

சத்தியமங்கலம் காட்டிலும் இதுபோல நடந்து பார்க்கலாமா?

முடியாது. அது 2013 முதல் புலிகள் காப்பகம், 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். வனத்துறை ஏற்பாடு செய்யும் பயணம் தவிர இறங்கி நடக்க அனுமதி இல்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆசனூர்ப் பக்கமும் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். கரும்பு லாரிக்காகச் சாலைக்கு வந்து பழகிய யானைகள் உள்ள வழி அது.

தீபாவளி சமயத்தில் வெள்ளோட்டுக்கு வரலாமா?

வரலாம். சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக நோம்பிக்கு வெடி வெடிப்பதில்லை. கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். விருந்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் காரில் வெடிக்கட்டோடு வந்து அந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு குளமும் பார்க்க முடியுமா?

முடியும். காலையில் வெள்ளோடு. 9:30க்குக் கிளம்பினால் சென்னிமலை முருகன் கோயில், மதியச் சாப்பாடு, விருப்பமிருந்தால் கைத்தறிப் போர்வைக் கடை. பிறகு ஊத்துக்குளி வழியாக 3:30க்குள் நஞ்சராயன் குளம் சேர்ந்துவிடுங்கள். அங்கே நிழல் குறைவு, தண்ணீரை வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்து தென்பட்டால் நன்றாகப் பாருங்கள். அது பட்டைத்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வருவது. கூட்டமாகக் கரையில் நின்றால் பைனாகுலரோடு அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். நின்ற ஆளைவிட உட்கார்ந்த ஆளை அது அதிக நேரம் பொறுத்துக்கொள்ளும்.